வயது ஏறாத நோயாளி

அந்த ஆளுக்கு வயது நாற்பத்திரண்டு. சேத்தூர் பக்கத்து விவசாயி. வரப்பில் புல் அறுக்கும்போது வலது கணுக்காலில் பாம்பு கடித்துவிட்டது. இரண்டு பல் தடம். முழங்கால் வரை வீக்கம். ஈறில் ரத்தக் கசிவு. நர்சிங் படித்தபோது கேஸ் நோட்டில் அவரைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதினேன். கால் படம் வரைந்து, கணுக்காலில் சிவப்புப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்தேன். பத்துக்கு ஒன்பது மார்க் கிடைத்தது. பக்கத்திலேயே 'நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

அவரை நான் பார்த்ததே இல்லை. சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதினேன். அந்த அக்கா அவளுடைய சீனியரைப் பார்த்து எழுதினாள். எப்போதோ யாரோ ஒருத்தி அந்த ஆளை நிஜமாகவே பார்த்திருக்க வேண்டும். அவள் எந்த ஊர், எந்த வருடம் படித்தாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த ஆள் பிழைத்தாரா என்பதும் தெரியாது. நோட்டில் அவர் எப்போதும் ஏழாம் நாள் நலமாக வீடு திரும்பிவிடுவார்.

கல்லூரி ராஜபாளையத்தில். அதற்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது. ஊருக்குள் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடு பேசி வைத்திருந்தார்கள். மூன்று வருடமும் எங்களுக்கு அங்கேதான் போஸ்டிங், வார்டுப் பயிற்சி. பெரிய கட்டடம்தான், கண்ணாடி வைத்து நன்றாகக் கட்டியிருந்தார்கள். ஆனால் உள்ளே வரும் நோயாளிகளை வாசலிலேயே சலித்து எடுத்துவிடுவார்கள். பாம்புக்கடியா, பூச்சிமருந்து குடித்த கேஸா, வெட்டுக்குத்தா, வண்டி மோதலா, வாட்ச்மேனே ஆட்டோவுக்குள் தலையை விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்: "இங்க எறக்காத. நேரா ஜி.எச்.சுக்கு வுடு." அவர் எட்டாவது படித்தவர். எங்களுக்கு எந்த நோயாளி வேண்டும், எந்த நோயாளி வேண்டாம் என்று மூன்று வருடமும் முடிவு செய்தவர் அவர்தான். போலீஸ் கேஸ் எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. அவரைத் திட்டி என்ன பயன்?

மிச்சம் வந்தவர்களை எங்களுக்குக் கொடுத்தார்கள். சிசேரியன், சுகர், பித்தப்பைக் கல், காய்ச்சலுக்கு டிரிப், மில்லில் மயங்கி விழுந்த ரத்தசோகைப் பெண்கள். திரும்பத் திரும்ப இவ்வளவுதான். சிசேரியனுக்குப் பிறகு தையல் எப்படிச் சுத்தம் செய்வது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மூச்சு நின்றுபோகும் ஒருவரை ஒரு தடவைகூடப் பார்க்காமல் படித்து முடித்தேன்.

இருப்பதும் எல்லோருக்கும் போதாது. ஒரு சுகர் நோயாளிக்கு ஒன்பது பேர் நிற்போம். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் காலில் புண்ணோடு மூன்று வாரம் படுத்திருந்தார். நான் போய் நோட்டை விரித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏழாவது ஆளு நீ. கேக்க வேண்டாம், நானே சொல்லுதேன், எழுதிக்கோ. வயசு அறுபத்தொண்ணு. சுகரு பதினாலு வருசம். அப்பன் ஆத்தாளுக்குக் கெடையாது. பீடி வுட்டாச்சு. ராத்திரி ஒண்ணுக்கு நாலு தடவ."

எழுதினேன்.

"மலச்சிக்கல் உண்டான்னு நீ கேக்கலையே? ஒனக்கு முந்தி வந்த பிள்ள கேட்டுச்சே. அதுக்கு மார்க்கு உண்டாமே."

"இருக்கா தாத்தா?"

"இல்ல. ஆனா அந்தப் பிள்ளைகிட்ட இருக்குன்னுட்டேன். பாவம், நோட்டுல எடம் காலியா கெடந்துச்சு."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று அது சிரிக்கிற விஷயமாகத்தான் தெரிந்தது.

பரீட்சைக்கு உட்கார வேண்டுமென்றால் கேஸ் நோட்டில் இத்தனை வகை நோய் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பாதி வாசலைத் தாண்டி வராத நோய்கள். அதனால் சீனியர் நோட்டு. இது திருட்டு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கையெழுத்துப் போட்ட மேடத்துக்கும் தெரியும், நோட்டைப் புரட்டிப் பார்த்த எக்ஸாமினருக்கும் தெரியும். நாற்பத்திரண்டு வயதுக்காரரை எல்லோருக்குமே பழக்கம்.

படிப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்துப் படுக்கை. டாக்டர் காலை பத்து மணிக்கு வருவார். அதுவரை நானும், பெருக்கித் துடைக்கும் ஓர் அம்மாவும்தான். சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு கூமாப்பட்டியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி பைக்கில் வந்து இறங்கினார்கள். அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். விடியற்காலையிலிருந்து வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது, எச்சில் முழுங்க முடியவில்லை என்றாள்.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"சோறும் கருவாட்டுக் கொழம்பும்."

"எங்க படுத்தீங்க?" என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாது. புருஷன்தான் சொன்னான்: "தோப்பு வீட்டுல தரையில படுத்திருந்தோம் சிஸ்டரு. பூச்சி கீச்சி எதுவும் கடிச்சிருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

பூச்சி என்றால் எங்கள் பக்கம் பாம்புதான். நான் அந்த அக்காவின் கால் இரண்டையும் பார்த்தேன். கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல் தடம் இல்லை. வீக்கம் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறில் ரத்தம் இல்லை. என் நோட்டில் இருந்தது எதுவுமே இல்லை.

"பூச்சியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. கடிச்சா வீங்கும்ல. இது வெறும் வாய்வு. கருவாடு ஒத்துக்கல."

சொன்னேன். அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். டாக்டருக்குப் போன் போட்டேன். வயிற்று வலி, வாந்தி, வாய்வு மாதிரி இருக்கிறது என்றேன். ஊசி போட்டு டிரிப் ஏற்று, வருகிறேன் என்றார். தரையில் படுத்தது, புருஷனின் சந்தேகம், தொண்டை அடைப்பு எதையும் அவரிடம் சொல்லவில்லை. சந்தேகத்தைத்தான் நானே தீர்த்துவிட்டேனே, பிறகு எதற்கு அவரிடம் சொல்ல வேண்டும்?

ஒன்பது மணிக்கு அந்த அக்காவுக்கு இமை பாதி இறங்கியது. பேச்சு குழறியது. ஊசி போட்ட அசதி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் முழுக்க மூடிவிட்டது.

"அக்கா நல்லா தூங்குறாங்க," என்றேன் புருஷனிடம். "வலி வுட்டுருச்சு. நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்கண்ணே."

அவன் தேரடி வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு, பெண்டாட்டிக்கு ஒரு பன்னும் வாங்கி வந்தான். தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்று பன்னைக் கையில் வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் அன்று பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்தார். உள்ளே நுழைந்து கட்டிலைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டார். இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கும்மா என்றார். தலை அசையவில்லை. நெஞ்சு மேலோட்டமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப வந்தாங்க?"

"எட்டரைக்கு சார்."

"தரையில படுத்தாங்களா?"

"ஆமா சார், தோப்புல," என்றான் புருஷன். "சிஸ்டருட்ட சொன்னேனே."

டாக்டர் என்னைப் பார்த்தார். "கட்டுவிரியன் இது. தடம் இருக்காது, வீங்காது, வலிக்காது. வயித்து வலின்னு வரும், கண்ணு சொருகும், பொறவு மூச்சு நிக்கும். நீ எந்த காலேஜு?"

நான் கல்லூரி பெயரைச் சொன்னேன். அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். அந்த அக்காவைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவே இல்லை. "கட்டுவிரியனா சார்?" என்றான். மூச்சுப் பையை எடுத்து அழுத்தத் தொடங்கிவிட்டான். அவன் படித்தது என்னைவிடக் குறைவு. ஆனால் அவன் வண்டியில் வாட்ச்மேன் கிடையாது. ரோட்டில் யார் கிடக்கிறார்களோ அவர்களை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஜி.எச்.சில் விஷமுறிவு மருந்து கொடுத்தார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது நாள் வென்டிலேட்டர். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். பிழைத்தாள். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் வென்டிலேட்டரில் எத்தனை நாள் குறைந்திருக்கும் என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். "அதைக் கணக்குப் பாத்து என்ன செய்யப் போற?" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் இருவரும் நர்சிங் ஹோமுக்கு வந்தார்கள். புருஷன் ஒரு சாக்கில் தேங்காய் கொண்டு வந்திருந்தான்.

"இந்த சிஸ்டரு மட்டும் அன்னைக்கு ஒடனே ஊசி போட்டு டிரிப் ஏத்தலன்னா இவ போயிருப்பா," என்று வாசலில் நின்ற நாலு பேரிடம் சொன்னான்.

அந்த அக்கா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குரல் இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தேங்காயை வாங்கிக்கொண்டேன். வீட்டில் அம்மா ஒரு வாரம் சட்னி அரைத்தாள். நானும் தொட்டுத் தின்றேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் வேறு இரண்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். கல்யாணம், குழந்தை என்று ஆனபின் பகல் வேலையாக வேண்டியிருந்தது. ராஜபாளையத்தில் நான் படித்த கல்லூரியிலேயே பாடம் நடத்த ஆள் கேட்டார்கள், போனேன். இப்போது கேஸ் நோட்டில் கையெழுத்துப் போடும் மேடம் நான்தான்.

முதல் மாதமே இரண்டாம் வருடத்து நோட்டுகள் வந்தன. நான்காவது நோட்டைத் திறந்தேன். ஆண், வயது நாற்பத்திரண்டு. சேத்தூர். வரப்பில் புல் அறுக்கும்போது வலது கணுக்கால். இரண்டு சிவப்புப் புள்ளி. எனக்குப் பத்து வயது கூடியிருந்தது. அவருக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை.

நோட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவளும் சேத்தூர்க்காரிதான், தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

"ஒங்க ஊருதான இவரு? எந்தத் தெரு?"

தலையைக் குனிந்து சிரித்தாள். "வேற ஊரா மாத்தணும்னு நெனச்சேன் மேம். சீனியர் அக்காதான் மாத்தாத, எக்ஸாமினருக்கு இது பழகிப்போச்சுன்னாங்க."

"பாம்புக்கடின்னா என்னன்னு தெரியுமாட்டி ஒனக்கு? கண்ணால பாத்திருக்கியா?"

கத்திவிட்டேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை.

"நான் எங்க போயி பாக்க மேம்? கேட்டுலயே திருப்பி அனுப்பிருதாங்க. நீங்களும் இங்கதான படிச்சீங்க? நீங்க எத்தன பாத்தீங்க?"

நோட்டைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபாலிடம் போனேன். பிள்ளைகளை ஜி.எச்.சுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இவர்கள் வெளியே போய் ஆளைக் கொல்வார்கள் என்றேன்.

"உக்காருங்க மொதல்ல," என்றார். "அங்க ஏற்கெனவே நாலு காலேஜ் பிள்ளைங்க நிக்குது. ஒரு கட்டிலச் சுத்தி இருபது பேரு. லெட்டர் குடுத்தாச்சு, பதில் வரல. நீங்க படிக்கையிலயும் இதே நெலமதான். நீங்க நல்லாத்தான இருக்கீங்க? கையெழுத்தப் போட்டு அனுப்புங்க, பரீட்சை வருது."

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மதுரையில் பத்தொன்பது நாள் கிடந்தது நான் இல்லையே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேத்தூர்க்காரியைக் கூட்டிக்கொண்டு, கட்டுவிரியன் கடித்த அக்காவைப் பார்க்கக் கூமாப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். நல்ல காரியம் செய்யப் போகிறோம் என்ற நினைப்பில்தான் போனேன். கிருஷ்ணன்கோவிலில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

புருஷன் தோப்புக்குப் போயிருந்தான். அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்குக் கிழித்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே தெரிந்துகொண்டாள். கழுத்தில் குழி மாதிரி ஒரு தழும்பு. குரல் வந்திருந்தது, ஆனால் தகரத்தை இழுப்பதுபோல் கரகரத்தது.

"வாங்க," என்றாள். பாயை உதறிப் போட்டாள்.

பிள்ளைக்குப் படிப்புக்காக உங்கள் கதையைக் கேட்க வேண்டும் என்றேன். சரி என்றாள். சேத்தூர்க்காரி நோட்டை விரித்து, கல்லூரியில் கொடுத்த வரிசைப்படியே ஆரம்பித்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது சுகரு, பிரஸ்ஸரு இருக்காக்கா?"

"பாம்பு கடிச்சதுக்குச் சுகரு எதுக்குட்டி?"

"நோட்டுல கேட்டிருக்குக்கா."

"அப்ப பாம்புக்குத்தான் சுகரு இருந்திருக்கும். எழுதிக்கோ."

பிள்ளை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபிட்டர் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். எங்கே படுத்தாய், எப்போது வலி தொடங்கியது, முதலில் எது வந்தது என்று வரிசையை விட்டுவிட்டு நானே கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். அந்த அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். பிள்ளை எழுதிக்கொண்டே வந்து அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனதும் மொதல்ல என்ன செஞ்சாங்கக்கா?"

அவள் ஈர்க்கைக் கீழே வைத்தாள். "அவியகிட்டயே கேளு."

நான் சொன்னேன். நான்தான் முதலில் பார்த்தேன், காலை மட்டும் பார்த்தேன், வீக்கம் இல்லை என்று வாய்வுக்கு ஊசி போட்டேன், புருஷன் சொன்னதை டாக்டரிடம் சொல்லவில்லை, கண் சொருகியதைத் தூக்கம் என்று நினைத்தேன். பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் அந்த அக்கா. "கண்ணுதான் தெறக்கல. காது நல்லா கேட்டுது. அக்கா நல்லா தூங்குறாங்கன்னு நீ சொன்ன. தூங்கல தாயி, தூங்கலன்னு கத்துதேன், வாயி அசையல. இவரு டீ குடிக்கப் போறாரு, செருப்புச் சத்தம் கேக்குது. போகாதீகன்னு கத்துதேன்."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?" என்றேன்.

"சொன்னா ஒன்னைய அடிக்க வந்திருப்பாரு. அந்த டீயக் குடிச்சோமேன்னு தன்னையும் அடிச்சிருப்பாரு. வேண்டாம்னு வுட்டுட்டேன்."

பிறகு அவள் கேட்டாள்: "இம்புட்டு வருசம் கழிச்சு இதச் சொல்லவா வந்த? இல்ல, நோட்டுக்கா?"

இல்லை, சொல்லத்தான் வந்தேன் என்றிருக்கலாம். நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த ஊருக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டேன். எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் மறுபடி ஈர்க்கை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினாள். கிளம்பும்போது பிள்ளையிடம் மட்டும், "நல்லா எழுது," என்றாள்.

பஸ்ஸில் பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டது: "மேம், மொதல்ல பாத்த நர்சு கவனிக்கலன்னு எழுதவா?"

"எழுது."

எழுதினாள். எக்ஸாமினர் நல்ல மார்க் போட்டார். பாம்புக்கடியில் வித்தியாசமான கேஸ் என்று பாராட்டினாராம். அவள் தேறிப்போய் இப்போது ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கண் சொருகி ஒருவர் வந்தால் அவளுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். அவள் ஒருத்திக்கு. மற்ற பிள்ளைகளை நான் எங்கே கூட்டிப்போவேன்? வகுப்பு மொத்தத்தையும் பஸ்ஸில் ஏற்றி அந்த அக்காவின் வாசலில் கொண்டுபோய் இறக்கவா? கேட்டில் இன்னமும் வாட்ச்மேன் நிற்கிறார். ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

இந்த வருடம் நோட்டுகள் வந்தன. நாற்பத்திரண்டு வயதுக்காரரைக் காணோம். அவருக்குப் பதிலாக நான்கு நோட்டில் பெண், வயது முப்பத்தாறு, கூமாப்பட்டி. தோப்பு வீட்டில் தரையில் படுத்திருந்தார். கருவாட்டுக் குழம்பு, செருப்புச் சத்தம்கூட இருந்தது. அந்த அக்காவுக்கு இப்போது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நோட்டில் இனி அவளுக்கும் வயது ஏறாது.

மூன்று நோட்டில் 'முதலில் பார்த்த செவிலியர் கவனிக்கவில்லை' என்று இருந்தது. நான்காவது நோட்டில் அந்த வரி மட்டும் இல்லை. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, இதை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"நம்ம ஆளுகளயே கொற சொன்னா மார்க்கு கொறைப்பாங்களாம் மேம். அந்த வரி இல்லாட்டாலும் கேஸு முழுசாத்தான இருக்கு."

அது எந்த நர்ஸ் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த வருடம் வருகிறவர்கள் மார்க் குறையாத நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள், எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்துப் பேனாவைக் கொடுத்தேன். அந்த வரியை எழுதினால்தான் கையெழுத்து என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரத்தில் இடுக்கி எழுதினாள். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு கீழே கையெழுத்துப் போட்டேன். மற்ற மூன்றிலும் போட்டேன்.